உத்தரன் பிடித்த கடிவாளம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன், கஸ்டமர் நாலு கேள்வி கேட்டதும் நெட் போய்விட்டதாகச் சொல்லி மீட்டிங்கை விட்டு நழுவிவிட்டான். மிச்சத்தை நீ தனியாளாகச் சமாளித்தாய். அவனை டீமை விட்டே அனுப்பப் போவதாகச் சொன்னாய். எனக்கு உடனே நம்மூர் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்து ஞாபகம் வந்தது. சிரிக்காதே.

அர்ச்சுனன் தபசன்று வேஷக்காரர் மரத்தில் ஏறிப் பழம் வீசுவதை என் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அந்த அர்ச்சுனனை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்காது. ஏகலைவன் தன்னை மிஞ்சிவிட்டான் என்று துரோணரிடம் போய் முறையிட்டவன். அந்தப் பையனின் கட்டைவிரல் போன பிறகுதான் அவனுக்கு நிம்மதி. தபசிலும் அதே வீம்பு. பன்றியைக் கொன்றது யார் அம்பு என்று ஒரு வேடனோடு மல்லுக்கு நின்றான். எடுக்க எடுக்கக் குறையாத அம்பறாத்தூணி காலியானது. வில்லாலேயே அடித்துப் பார்த்தான், கட்டிப் புரண்டான், தோற்றான். மண்ணில் லிங்கம் பிடித்து அதற்குத் தான் சாத்திய மாலை வேடன் தலையில் இருப்பதைப் பார்த்த பிறகே வந்தது யாரென்று தெரிந்தது.

ஆனால் அவன் மாறியது எனக்குத் தெரிவது விராட நாட்டில்தான். தலைமறைவாக, பேடி வேஷத்தில் அந்நாட்டு அரசகுமாரிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவள் அண்ணன் உத்தரன் அந்தப்புரத்தில் வீரம் பேசிவிட்டு, கௌரவர் சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். கூத்தில் இந்த இடத்தில் ஊரே சிரிக்கும். அர்ச்சுனன் துரத்திப்போய்த் தலைமுடியைப் பிடித்து நிறுத்துகிறான். ஒரு சத்திரியன் ஓடலாமா என்று கேட்கத்தான் கேட்டான். அப்புறம், ‘சரி, சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ குதிரையைப் பிடி’ என்று இடத்தை மாற்றிக்கொண்டான். ஒளித்துவைத்த ஆயுதங்களை எடுக்க வன்னி மரத்தில் ஏறச் சொன்னதும் அவனைத்தான். யாரும் நெருங்கக் கூடாது என்று பிணத்தைக் கட்டித் தொங்கவிட்ட மரம் அது! பையன் மிரள, சமாதானம் சொல்லி ஏற்றினான். சண்டை நடுவிலும் உத்தரன், இனி என்னால் முடியாது என்று துவண்டான். அப்போதும் கடிவாளத்தை அவனிடமிருந்து வாங்கவில்லை, தைரியம்தான் சொன்னான்.

ஜெயித்த பிறகு, ‘ஊருக்குள் போய் நீ ஜெயித்ததாகவே சொல்’ என்கிறான். தலைமறைவாக இருந்தவனுக்கு அது வசதியும்கூட, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஏகலைவனைச் சகிக்காதவன் வாயிலிருந்து வந்த பேச்சா இது!

அதைவிட எனக்குப் பிடித்தது உத்தரன் சபையில் பேசியது. அப்பா விராடர் மகனின் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார். அவனோ, ‘ஜெயித்தது நானில்லை, ஒரு தேவகுமாரன். பயந்து ஓடிய என்னைத் தடுத்து நிறுத்தியதும் அவன்தான்’ என்கிறான். காலையில் ஜம்பம் அடித்த அதே பையன், தான் ஓடியதை எல்லார் முன்னாலும் சொல்கிறான். அரை நாள் தேரோட்டியதில் இவ்வளவு.

அந்தப் பையனை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் உன் இஷ்டம். அடுத்த மீட்டிங்கில் அவனுக்கு என்ன வேலை கொடுத்தாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா