ஐம்பது வெள்ளி நோட்டின் பின்பக்கம்

அன்புள்ள கண்ணா,

நலமா? சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே. லண்டனில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ வரைந்த படம் எதுவும் அனுப்பி மாதக்கணக்கு ஆகிறது. சரி, அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் உறையில் நம் சிங்கப்பூர் 50 வெள்ளி (டாலர்) நோட்டையும் ஒரு வெள்ளிக் காசையும் போடும்போதுதான் நோட்டின் பின்பக்கத்தை நின்று பார்த்தேன். ஓவியர் சென் வென் சியின் இரண்டு கிப்பன் குரங்குகள், ஓவியர் சியோங் சூ பியெங்கின் கருவாடு காயவைக்கும் பெண்கள். மறுநாளே தேசியக் கலைக்கூடத்துக்குப் போய் கருவாட்டுப் படத்தின் அசலைப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண்களின் கைகால்கள் என்ன நீளம்! வரைந்தது சீன மையில், துணிமேல். உள்ளே இருப்பதோ மலாய்க் கம்பத்து, அதாவது கிராமத்து வாழ்க்கை.

இந்த இருவரும் இன்னும் இரண்டு ஓவியர்களான லியு காங், சென் சோங் சுவீயோடு 1952இல் பாலித் தீவுக்குப் போனவர்கள். அப்போது இங்கே வெள்ளைக்காரன் ஆட்சி. நால்வரும் பிறந்தது சீனாவில், பிழைப்பு இங்கே, சட்டம் பேசுவது ஆங்கிலம். சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த 1949க்குப் பிறகு ஊர் திரும்புவதும் எளிதாக இல்லை. பழைய சீன மலையையும் மூங்கிலையும் திருப்பித் திருப்பிப் போட்டே காலம் தள்ளியிருக்கலாம். லியு காங் பாரிஸில் படித்தவர், அந்தப் பாணியிலேயே பெயர் வாங்கியிருக்கலாம். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இந்த வெயிலையும் சாரோங்கையும் வரைந்தார்களே! 1938இல் நன்யாங் கலைப் பள்ளியைத் தொடங்கிய லிம் ஹாக் தாய் கேட்டதும் அதைத்தான். சென் வென் சி வீட்டுத் தோட்டத்திலேயே கிப்பன் வளர்த்து, அது தாவுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்.

உன் படத்தில் 'ஊர் வாடை' அதிகம் என்று வகுப்பில் யாரோ சொன்னதாகத் தங்கச்சி சொன்னாள். அவளிடம் சொன்ன நீ என்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ பத்து வயதில் வரைந்த, நம் லிட்டில் இந்தியா தேக்கா பூக்கடை இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் யார் வரைந்தது என்று கேட்காமல் போவதில்லை. அங்கே கற்றுத் தருவதை எல்லாம் கற்றுக்கொள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்காகப் பூக்கடையை அழிக்க வேண்டியதில்லை. வரைவதை மட்டும் விட்டுவிடாதே.

அப்பா பிராஸ் பாசா கடையில் தூரிகையும் மையும் வாங்கி வைத்திருக்கிறார். இந்த வாரம் பார்சல் போகும். மை பாட்டிலை இரண்டு கவரில் சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரி. முதலில் வரைவது எப்படி வந்தாலும் எனக்கு அனுப்பு. சாப்பிடு.

அம்மா