எங்கள் பிள்ளைகள் முன்னாலும் அந்தச் சக்கரம் சுழல வேண்டும்: மரபுரிமைக் கிராம நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கும், அந்தக் கிராமத்தை மேற்பார்வை செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பழைய கைத்தொழில்களைச் செய்துகாட்டும் உங்கள் கிராமத்தில் எங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்க விடப்படவில்லை என்ற என் முறைப்பாட்டுக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. செய்முறைக் காட்சிகள் முன்பதிவு செய்த சுற்றுலாக் குழுக்களுக்கு மட்டுமே உரியவை என்றும், உள்ளூரிலிருந்து வருவோர் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இன்னொரு கடிதம் போட்டால் இதே பதில்தான் திரும்பி வரும் என்பதால், இம்முறை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் அன்று நடந்தது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். ஆயினும் மட்பாண்டக் குடிலில் நடந்ததை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பதிலில் அது "சிறு அசௌகரியம்" என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து விடியும் முன்பே வான் பிடித்து வந்திருந்தோம். அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தோம். நாங்கள் உள்ளே நுழைந்தபோது சக்கரத்தின் மீது சாக்குப் போர்த்தியிருந்தது. தறியில் பாவு பூட்டியிருந்தது, நெய்ய ஆளில்லை. கொல்லனுடைய உலை ஆறிக் கிடந்தது. கைவினைஞர்கள் எங்கும் போய்விடவில்லை. பின்பக்கம் மரநிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எப்போது தொடங்கும் என்று கேட்டோம். "குழு வந்ததும்" என்றார் உங்கள் ஊழியர். பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

நண்பகலுக்குச் சற்று முன் வெளிநாட்டுப் பயணிகளின் பஸ் வந்து நின்றது. சாக்கு விலகியது, உலையில் துருத்தி ஊதியது, தறி ஓசை எழுப்பியது. பிள்ளைகள் ஓடினார்கள். ஓடிய பிள்ளைகளை மறித்து, குடிலுக்கு முன்னால் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, குழு போகும்வரை கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அங்கே நின்றவை என் பிள்ளைகள் மட்டுமல்ல. கம்பஹாவிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பமும், பேருவளையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பமும் எங்களோடு நின்றன. பெரியவர்களின் முதுகுகளுக்கு இடையில் தெரிந்த துண்டு துண்டான காட்சியைத்தான் எங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள். சக்கரத்தில் இருந்த முதியவர் அதைக் கவனித்து, என் மகளைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார். அவள் கயிற்றுக்குக் கீழே குனிந்தாள். ஊழியர் அவளுடைய தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். அந்த முதியவர் தலையைக் குனிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். தம்முடைய தொழிலை ஒரு பிள்ளைக்குக் காட்டுவதற்குக்கூட அவருக்கு அங்கே உரிமை இல்லை.

"நாங்கள் டிக்கெட் வாங்கவில்லையா அம்மா?" என்று அவள் கேட்டாள். வாங்கியிருந்தோம். அந்தக் கேள்விக்கு உங்கள் பதிலில் ஒரு வரியும் இல்லை.

உங்கள் தரப்பு நியாயத்தை நான் யோசிக்காமல் இல்லை. வெளிநாட்டுப் பயணி பல மடங்கு பணம் கட்டுகிறார், அந்தப் பணத்தில்தான் கிராமம் நடக்கிறது என்பீர்கள். கட்டண வித்தியாசத்தை நான் குறை சொல்லவில்லை. சீகிரியாக் குன்றுக் கோட்டையிலும் அந்த வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அங்கே உள்ளூர் டிக்கெட் வாங்கியவரும் வெளிநாட்டு டிக்கெட் வாங்கியவரும் சிங்கப் பாதங்களுக்கு நடுவே ஒரே படியில்தான் ஏறுகிறார்கள். ஓவியங்களுக்கு முன்னால் எவரும் உள்ளூர்க் குடும்பத்துக்குக் கயிறு கட்டுவதில்லை. குறைந்த கட்டணம் வாங்குகிறீர்கள் என்பதற்காகக் குறைந்த வரலாற்றைக் காட்டலாம் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

ஒரு செய்முறையைப் பார்ப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைத்துவிடும் என்று நினைக்கிறீர்களா? என் மகள் தன் தரம் ஆறு வரலாற்றுப் புத்தகத்தில் மட்பாண்டம் பற்றிப் படித்திருக்கிறாள். பானை சக்கரத்தில் முழுதாக உருவாகி இறங்குகிறது என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். அப்படி இல்லை. அடி உருண்டையான பானை சக்கரத்தை விட்டு இறங்கும்போது அதற்குச் சரியான அடியே கிடையாது. ஓரளவு காய்ந்த பிறகு, உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடி உருட்டுகிறார்கள். அந்தத் தட்டில் கை அறிய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. கொஞ்சம் கூடினால் மண் கிழியும், குறைந்தால் பானை தடித்துப்போகும். எந்தப் பாடப்புத்தகமும் இதைப் படத்தில் காட்ட முடியாது. பலகையின் ஓசை மாறுவதைப் பக்கத்தில் நின்று கேட்டால்தான் தெரியும். கயிற்றுக்கு அப்பால் எங்களுக்குக் கேட்டது வழிகாட்டியின் ஒலிபெருக்கி மட்டுமே.

செய்து பார்ப்பது பிள்ளைகளுக்கான விளையாட்டு மட்டுமல்ல, ஆய்வாளர்களே அப்படித்தான் கற்றிருக்கிறார்கள். சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவுகளின் மேற்கு முகத்தில் பழைய இரும்பு உலைகள் கண்டெடுக்கப்பட்டபோது, துருத்தி இல்லாமல் பருவக்காற்றை மட்டும் நம்பி இரும்பு உருக்கியிருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. தொல்லியலாளர் கில் ஜூலெஃபும் அவருடைய குழுவினரும் அதே மாதிரியில் உலையைக் கட்டி, காற்று வீசும் காலத்தில் எரித்துப் பார்த்தார்கள். இரும்பு கிடைத்தது. அந்த ஆய்வு 1996இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியானது. நம் நாட்டு மண்ணில், நம் நாட்டுக் காற்றில், உலையை மூட்டித்தான் அந்த விடை கிடைத்தது. ஆறிய உலைக்கு முன்னால் எங்கள் பிள்ளைகளை நிறுத்தினால் அவர்கள் எதைக் கற்பார்கள்?

வாழும் வரலாற்றுக் கிராமம் என்ற எண்ணமே பொதுமக்களுக்காகத் தோன்றியது. ஸ்டாக்ஹோமில் ஆர்தூர் ஹசேலியுஸ் 1891இல் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தது, தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் சுவீடன் மக்கள் தங்கள் பழைய வாழ்வை மறந்துவிடக் கூடாது என்பதற்காக. அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க்கில் செங்கல் களத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு களிமண்ணை மிதிக்கலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னைக்குப் போகும் கொழும்புக் குடும்பங்கள் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்திரா என்ற மரபுரிமைக் கிராமத்துக்கும் போய்வருகின்றன. 1996இல் திறக்கப்பட்ட அந்த இடத்திலிருந்து பிள்ளைகள் கையில் மண் ஒட்டியபடி திரும்புகிறார்கள். கடல் தாண்டிப் போனால் கிடைப்பது, சொந்த நாட்டில் டிக்கெட் வாங்கிய பிறகும் ஏன் மறுக்கப்படுகிறது?

அம்மம்மாவுக்கு நடந்ததையும் நான் முறைப்பாட்டில் எழுதியிருந்தேன், அதற்கும் பதில் இல்லை. அடுக்களைக் குடிலில் உரலும் உலக்கையும் வைத்திருந்தீர்கள். வடமராட்சியில் சிறுமியாக இருந்தபோது இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று உலக்கை மோதாமல் மாறி மாறி அரிசி இடித்தவர் அவர். அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட உலக்கையைத் தூக்கினார். "தொடக் கூடாது" என்று அதட்டல் வந்தது. அவர் பதறி அதை வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார். உங்கள் வளாகத்தில் அன்று அந்த வாழ்க்கையை உண்மையாக வாழ்ந்தவர் அவர் ஒருவராகக்கூட இருந்திருக்கலாம். வீடு திரும்பும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

எழுதத் தொடங்கிய பிறகு இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. உங்கள் வளாகத்தில் நான் தமிழைக் கண்டது இரண்டே இடங்களில்: கழிப்பறை வாசலிலும், குப்பை போடாதீர்கள் என்ற பலகையிலும். நெசவுக்கும் வயலுக்கும் குளத்துக்கும் மருந்துத் தோட்டத்துக்கும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கம் இருக்கிறது. 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியானது 1987இல். அதை விடுங்கள், வரலாற்றையே கேளுங்கள். பொலன்னறுவையில் புத்தரின் புனித தந்தம் (பல்) வைக்கப்பட்ட இல்லத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றதைச் சொல்லும் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டின் சீனக் கடற்பயணத் தளபதி செங் ஹேயின் கல்லில் சீனமும் பாரசீகமும் தமிழும் சேர்ந்து பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லைக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் எவரும் பார்க்கலாம். அந்தக் காலத்தில் கல்லில் இடம் பெற்ற மொழிக்கு இந்தக் காலத்தில் ஒரு தகரப் பலகையில் இடம் இல்லாமற் போவது வருத்தமாக இருக்கிறது. என் இளைய மகனுக்கு நான் ஒவ்வொரு குடிலிலும் முணுமுணுத்து மொழிபெயர்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆனால் இந்த மடலின் கோரிக்கை பலகைகளைப் பற்றியது அல்ல. அதைத் தனியே எழுதுகிறேன். இப்போது நான் கேட்பது ஒன்றே: டிக்கெட் வாங்கிய எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அந்தச் சக்கரம் சுழல வேண்டும்.

இது நடக்கக் கூடியதுதான். காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, குழு வந்தாலும் வராவிட்டாலும் செய்முறை நடக்கட்டும். அந்த நேரங்களை டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே எழுதி ஒட்டுங்கள், தூரத்திலிருந்து வருவோர் அதற்கேற்பக் கிளம்புவார்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளில் பிள்ளைகள் முன்வரிசையில் உட்காரட்டும். செலவு கூடும் என்றால் உள்ளூர் டிக்கெட்டின் விலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். நாங்கள் கட்டுவோம். அன்று கயிற்றருகே நின்ற கம்பஹாக் குடும்பத்தின் தந்தையும் இதையேதான் சொன்னார். குழு வராத நாளில் தமக்குக் கூலி இல்லை என்று அந்த மட்பாண்ட முதியவர் பிறகு எங்களிடம் சொன்னார். நாளும் செய்முறை நடந்தால் அவருக்கும் நாளும் கூலி கிடைக்கும். அவருக்குப் பின் அந்தச் சக்கரத்தில் உட்கார யாரும் இல்லையாம். பார்க்கவே விடாத ஒரு தொழிலைக் கற்க எந்தப் பிள்ளை வரும்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் எழுதுகிறேன். அந்தக் குடில்களை வேய்ந்தவர்களின் உழைப்பையும், குளக்கட்டை அவ்வளவு அழகாக அமைத்தவர்களின் அறிவையும் நான் மதிக்கிறேன். டிசம்பர் விடுமுறை தொடங்குமுன் செய்முறை நேரங்களை அறிவித்து, கயிற்றை அகற்றி, உள்ளூர்ப் பிள்ளைகளையும் குடிலுக்குள் அனுமதிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோரிக்கைக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள். இல்லை என்றால் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 6