சிங்ஹாவ் கஷாயம் வேண்டாமே!

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை இணைப்புல சீன மூலிகை கட்டுரை படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா சிங்ஹாவ் செடிய நல்லா கொதிக்க வச்சு குடிச்சா மலேரியா ஓடிடும்னு ஒரு வரி போட்டிருக்கீங்களே, அங்கதான் சார் இடிக்குது. அந்தச் செடியோட கதையே அடுப்புல ஏத்தாததுலதான் இருக்கு. 1967ல சீனாவுல மலேரியாவுக்கு மருந்து தேட ஆரம்பிச்ச ரகசிய ராணுவ திட்டத்துல பின்னாடி சேந்த தூ யூயூங்கற விஞ்ஞானி அம்மாவுக்கு மொதல்ல எடுத்த சாறு ஒரு தடவ வேலை செஞ்சா மறு தடவ செய்யல, அப்புறம் 1600 வருஷத்துக்கு முந்தி கே ஹோங்ங்கற சீன வைத்தியர் எழுதி வச்சத பாத்தா ஒரு பிடி செடிய தண்ணில ஊற வச்சு பிழிஞ்சு குடின்னு இருக்கு, கொதிக்க வைக்கிற பேச்சே இல்ல! சூடுதான் கெடுக்குதோன்னு 35 டிகிரிலயே கொதிச்சுடற ஈதர்ங்கற திரவத்துல சாறு எடுத்துப் பாத்தாங்க, பலிச்சுது. 2015ல நோபல்.

நம்ம பூக்காரம்மா கதம்பத்துல வைக்கிற மரிக்கொழுந்துக்கு இது பங்காளிதான், அதுக்காக யாரும் அதையும் காய்ச்சிடாதீங்க. சிங்ஹாவ டீ போட்டு குடிக்கிறத உலக சுகாதார நிறுவனமே ஏத்துக்கல, மருந்து அளவு ஒவ்வொரு கப்புலயும் மாறும். அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டுடுங்க சார்.