பின்பக்கத் தோட்டத்தைக் கொஞ்சம் அழுக்காக விடுங்கள்

எங்கள் குடியிருப்பு நலச்சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். குழுவில் பாதிப் பேருக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். கன்னடத்தில் ஒரு பிரதியை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அதிலுள்ள பிழைகளுக்கு எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி பொறுப்பு.

போன மாதம் தோட்டத்தைச் சுத்தம் செய்தபோது, பி பிளாக்குக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பியில் தொங்கிய தேன்சிட்டுக் கூடும் துடைப்பத்தோடு போய்விட்டது. மாலி மேல் எனக்குக் கோபமில்லை. "குப்பை மாதிரி தொங்குச்சு சார், தட்டிவிட்டேன்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். குப்பை மாதிரி தெரிய வேண்டும் என்றுதானே அந்தப் பறவை அவ்வளவு பாடுபட்டது? ஊதாப்பிட்டுத் தேன்சிட்டில் கூடு கட்டுவது பெண். நார், புல், காய்ந்த இலைத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி வலையால் இழுத்துக் கட்டி ஒரு சின்னப் பையாகத் தொங்கவிடும். வாசலுக்கு மேல் மழை உள்ளே இறங்காதபடி குட்டியாக ஒரு தாழ்வாரம். அப்புறம் வெளிப்பக்கம் மரப்பட்டைச் சில்லு, புழு எச்சம் என்று கண்டதையும் ஒட்டி, பார்க்கிறவருக்கு ஒட்டடை என்று தோன்றும்படி செய்துவிடும். காக்கை ஏமாறும். ஆனால் காக்கை ஒட்டடை அடிப்பதில்லை, நாம் அடிக்கிறோம். உள்ளே இரண்டு முட்டைகள் இருந்தது தரையில் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம், நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை. 'பறவைகளை வரவேற்கும் தோட்டம்' என்று தலைப்பைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. முழுக்கப் படித்த பிறகு அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. அதில் நீங்கள் சொல்லியிருப்பவை: வர்ணம் பூசிய மரப்பெட்டிக் கூடுகள், தானியத் தட்டுகள், முன்பக்கம் முழுக்கப் புல்தரை, மாதம் ஒரு தடவை பூச்சிமருந்து. கார்களில் கறை விழுகிறது என்பதால் தேன்பழ மரத்தை வெட்டிவிடுவது.

மரப்பெட்டிக்குள் குடிவருவது பொந்தில் வாழும் பறவைகள்தான்: மைனா, பட்டாணிக்குருவி, அதிர்ஷ்டமிருந்தால் சிட்டுக்குருவி. தேன்சிட்டு வராது, கொண்டைக்குருவி வராது. தையல்சிட்டுக்கு வேண்டியது அகலமான பச்சை இலை. அலகால் இலை ஓரத்தில் ஓட்டை போட்டு, பஞ்சையோ சிலந்தி நூலையோ உள்ளே செலுத்தித் தைக்கும். முடிச்சே போடாது. ஓட்டையைத் தாண்டி வெளியே வந்த நூல் பிசிறு விரிந்து தானாகப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் மாதாமாதம் மெஷினால் மட்டம் வெட்டும் வேலிச்செடியில் இதற்கு ஏது இடம்?

தானியத் தட்டு வேண்டவே வேண்டாம். அதற்கு வருவது புறாக்கள். ஏசி பெட்டிகளுக்குப் பின்னால் அவை செய்கிற அமர்க்களம் போதாதா? புறா எச்சத் தூசியால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வருகிறது என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். 2025இல் மும்பையில் கபூதர்கானாக்களை, அதாவது புறாக்களுக்குத் தானியம் போடும் பொது இடங்களை, மூடியபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. (அமாவாசைக்கு மாடியில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதை நான் சொல்லவில்லை. அதை என் வீட்டில் நிறுத்த எனக்கே தைரியமில்லை.)

பூச்சிமருந்துதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. தேன்சிட்டு தேன் குடித்து வாழ்கிறது, சரி. குஞ்சுக்கு அது ஊட்டுவது சிலந்தியும் சின்னப் பூச்சிகளும். பட்டாணிக்குருவி குஞ்சுக்குப் பச்சைப்புழு. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கிளையை மட்டும் சோப்புத் தண்ணீரால் கழுவலாம், நானே செய்கிறேன்.

தேன்பழ மரம் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். நம் மாலி 'கசகசே மரம்' என்பார், பழத்தைப் பிதுக்கினால் கசகசா போல விதை. ஆனால் காலை ஏழு மணிக்கு அதன் கீழே நின்று பாருங்கள். ஒரே கிளையில் குக்குறுவான், குயில், மைனா, கட்டைவிரல் அளவு மலர்கொத்தி. கறை பிரச்சினை இரண்டு கார்களுக்குத்தான். அதில் ஒன்று என்னுடையது, வேறு இடம் கொடுத்தால் நகர்த்திக்கொள்கிறேன்.

புல்தரைக்கு ஆகும் தண்ணீரையும் யோசியுங்கள். 2024 கோடையில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் நம் பெங்களூரு. பறவைக்குத் தேவை ஒரு மண்தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர், அவ்வளவுதான். தினம் கொட்டித் தேய்த்து மாற்றினால் கொசு வராது. கொசுமுட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். பூனை பதுங்க முடியாத வெட்ட வெளியில், ஆனால் பறந்து ஏறப் பக்கத்தில் ஒரு கிளை இருக்கும்படி வைக்க வேண்டும்.

பி பிளாக் பின்னால் உள்ள பத்தடி மூலையை மட்டும் ஒரு வருடம் என்னிடம் விடுங்கள். இட்லிப்பூ, செம்பருத்தி, கறிவேப்பிலை. கறிவேப்பிலைப் பழம் கறுத்ததும் கொண்டைக்குருவிகள் எப்படி மொய்க்கும் என்று பாருங்கள். குழம்புக்கு இலை வேண்டுமானால் யாரும் என்னைக் கேட்காமலே பறித்துக்கொள்ளலாம். சருகைப் பெருக்க வேண்டாம். கத்தரிக்கோல் வைக்கும் முன் செடிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்தட்டு இரண்டு வாங்கிவிட்டேன். கறிவேப்பிலைக் கன்று பெயின்ட் வாளியில் என் பால்கனியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சரி என்று சொன்னால் அன்று சாயங்காலமே குழி தோண்டுகிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக், முதல் மாடி வாசி
அல்சூர், பெங்களூரு