ராத்திரி ரவுண்டுக்குக் கூட்டிப் போனவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பி (கூடப் பிறந்தவன் இல்லை, நான் துணை நிற்கும் பையன்) இன்று காலை எழுந்து உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்றான். அவ்வளவுதான் பேசினான். எனக்கு அது போதும்.

கடந்த நான்கு நாட்களில் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அது அவனுடைய கதை. சொல்வதா வேண்டாமா என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். நான் நன்றி சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

இரண்டாம் நாள் இரவைப் பற்றிச் சொல்லாமல் அந்த நன்றியைச் சொல்ல முடியாது. "காலை வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் வராந்தாவுக்கு வந்தேன். குடிக்க வேண்டும் போலிருந்தது. ஆறு வருடமாகத் தொடாதவன் நான். அதில் நான்கு வருடமாக ரெகவரி கோச்சாக, அதாவது குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள்கிறவர்களுக்குத் துணை நிற்பவனாக, வேலை பார்க்கிறேன். அப்படியிருந்தும் அது வந்தது. தொண்டையில் இறங்கும் சூடு முதற்கொண்டு நினைவில் வந்தது. மூன்று முறை வெளிக் கேட் வரை போய்த் திரும்பினேன். கையில் போன் இருந்தது. எந்த நேரத்தில் அழைத்தாலும் எடுக்கக்கூடிய பத்துப் பேருடைய எண்கள் அதில் இருந்தன. "ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, தயங்காதே" என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! எனக்கு அந்த நேரம் வந்தபோது கூப்பிட மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வழிகாட்டுகிறவனே இப்படி நிற்கிறானே என்று நினைப்பார்களோ என்ற வெட்கம்.

நான்காவது முறை கேட் பக்கம் போனபோது இரவுக் காவலர் என்னை நிறுத்தினார். வயதானவர். ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார்.

"தம்பி, சும்மாதானே இருக்கீங்க? இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க. ரவுண்டு போகணும்."

மறுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஜெனரேட்டர் அறை, ஆக்சிஜன் சிலிண்டர்கள் வைத்திருக்கும் கொட்டகை, பூட்டிக் கிடக்கும் சீட்டுப் பதிவு ஜன்னல்கள், பின்பக்க மாடிப்படி. ஒவ்வொரு பூட்டையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கக்கத்தில் ஒரு நீளமான ரிஜிஸ்டர், அதில் நூலால் கட்டிய பேனா. எந்தப் பூட்டு மழை பெய்தால் இறுகிக்கொள்ளும், எந்தக் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளும் என்பதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னார். ஏன் கேட் பக்கம் அலைகிறீர்கள் என்று கேட்கவில்லை. உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. "கொஞ்சம் கீழே அடிங்க, படி தெரியட்டும்" என்றார். நான் வெளிச்சத்தை அவர் காலுக்குக் காட்டினேன். அவருடைய செருப்புச் சத்தத்துக்கு ஏற்ப என் நடையும் மெதுவானது.

குடிக்க வேண்டும் என்ற அந்த வேகம் எழுந்தால் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்துக்குள் தணிந்துவிடும். வாரா வாரம் நான் சொல்லித் தருகிற பாடம் இது. அலை மாதிரி ஏறும், இறங்கும், அதுவரை தாக்குப் பிடி என்பேன். அன்று அந்தப் பாடம் என் நினைவுக்கே வரவில்லை. முதல் ரவுண்டு முடிய இருபது நிமிடம் ஆகியிருக்கும். ரிஜிஸ்டரை என்னிடம் நீட்டி, "நேரத்தை நீங்களே போடுங்க" என்றார். எழுதும்போதுதான் கவனித்தேன், கை நடுக்கம் குறைந்திருந்தது.

ஒரு மணிக்கு என் பெஞ்சைத் தேடி வந்தார். இரண்டு மணிக்கும் வந்தார். மூன்றுக்கும் நான்குக்கும் நானே எழுந்து தயாராக நின்றேன். அந்த இரவுக்கான பக்கத்தில் ஐந்து வரி என் கையெழுத்தில் இருக்கிறது. என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டாரா, இல்லை தனியாகச் சுற்ற அவருக்கு அலுப்பாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் என் ஆறு வருடத்தை அன்று காப்பாற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

நேற்றிலிருந்து எனக்கு 1935 நினைவாகவே இருக்கிறது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்த கதைதான். குடியை நிறுத்திச் சில மாதமே ஆன பில் வில்சன், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டலில் நிற்கிறார். போன வேலை படுத்துவிட்டது. பக்கத்திலேயே மது பார். உள்ளே போகாமல் போனை எடுத்து, தன்னைப் போல் குடியோடு போராடுகிற யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கிறார். அப்படித்தான், பிறகு அவரோடு சேர்ந்து ஏ.ஏ.வைத் தொடங்கிய டாக்டர் பாப் கிடைத்தார். 15 நிமிடம்தான் தருவேன் என்று வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். இந்தக் கதையை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் பில் ஒருவரைக் காப்பாற்றிய கதையாகவே சொல்லி வந்தேன். தான் விழுந்துவிடக் கூடாது என்றுதான் அவர் அந்தப் போனை எடுத்தார் என்பது எனக்கு அந்தப் பெஞ்சில்தான் உறைத்தது.

எங்கள் வேலையில் மருந்து கிடையாது. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் டாக்டரிடம் அழைத்துப் போவோம். அதற்குப் பிறகு எங்களால் முடிந்தது கூட இருப்பதுதான். வரிசையில் கூட நிற்பது, வேலை கேட்டுப் போகும்போது வாசல் வரை போவது, ராத்திரி போனை எடுப்பது. இதைக் கொடுக்கிறவனாகவே நான்கு வருடம் இருந்துவிட்டதில், எனக்கும் இது வேண்டும் என்பதை மறந்துபோயிருக்கிறேன்.

மற்றவர்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தம்பியின் அறைத்தோழருக்கு முதலில். ஹெராயின் போன்ற அபின் வகைப் போதை அளவு மீறும்போது அதை முறிக்க மூக்கில் அடிக்கும் நலாக்சோன் மருந்தைப் போட்டதும் கண் திறந்துவிட்டான், "ஒண்ணுமில்லை, விடு" என்று கெஞ்சியும் இருக்கிறான். அந்த மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், உள்ளே போன போதை அதற்கு மேலும் இருக்கும் என்று தெரிந்து, விடாமல் ஆம்புலன்ஸை வரவழைத்தவர் அவர். மூன்று மாதம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என்ன எடுத்தான், எவ்வளவு எடுத்தான் என்று முகம் சுளிக்காமல் கேட்டு எழுதிக்கொண்ட நர்ஸ்களுக்கு, என் அழைப்புகளையெல்லாம் தங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொண்ட சக கோச்சுகளுக்கு, "திட்ட மாட்டேன், வரட்டும்" என்று மட்டும் சொல்லியனுப்பிய அவன் அம்மாவுக்கு, மாற்றுத்துணியும் சார்ஜரும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போன என் மனைவிக்கு, எல்லோருக்கும் நன்றி.

இதையும் எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன். அடுத்த முறை கேட் பக்கம் கால் போனால் முதல் தடவையே போனை எடுப்பேன். இந்த வாரம் முதல் எனக்கும் ஒருவர் கோச்சாக இருக்கச் சம்மதித்திருக்கிறார். தம்பி நன்றாகத் தேறியதும் அன்று இரவு எனக்கு நேர்ந்ததை அவனிடம் நானே சொல்வேன்.

சாயங்காலம் டியூட்டிக்கு வந்த காவலரிடம் போய் நின்றேன். நன்றி சொல்ல ஆரம்பித்ததும் கண் கலங்கிவிட்டது. அவர் ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டே, "டார்ச்சைப் பிடிச்சது நீங்க. எனக்கு எதுக்கு நன்றி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பையன் இன்னும் வார்டில்தானே இருக்கான்? பன்னிரண்டுக்கு முதல் ரவுண்டு" என்றார்.

வருகிறேன் ஐயா என்று சொல்லியிருக்கிறேன். மணி இப்போது பதினொன்றே முக்கால்.