ஆவணப் பொதிகளில் இணைப்புகள் சிதையாமல் காக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பத்திரிகைகள், கோயில் கணக்கேடுகள், பாடசாலை மலர்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் பணி கொழும்பில் பல இடங்களில் நடைபெற்று வருகிறது. அக்கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டும் மென்பொருள்கள் சிம்பொலிக் லிங்க் எனப்படும் குறியீட்டு இணைப்பையும், ஹார்ட் லிங்க் எனப்படும் வன் இணைப்பையும் எவ்வாறு கையாளுகின்றன என்பதை இப்பணியில் உள்ளவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்து சுருக்காமல் வைத்தால் அது ஏறத்தாழ 26 மெகாபைட் இடம் பிடிக்கும். அதே பக்கம் திகதிவாரியான கோப்புறையிலும், எழுத்தாளர் பெயரிலுள்ள கோப்புறையிலும், ஊர்வாரியான கோப்புறையிலும் தெரிய வேண்டுமானால், மூன்று படிகள் எடுப்பதற்குப் பதிலாக இணைப்புகளை இடுவதே முறை. குறியீட்டு இணைப்பு என்பது மூலக் கோப்பு இருக்கும் பாதையை மட்டும் எழுதி வைத்திருக்கும் சிறு கோப்பு; மூலம் நீங்கினால் அது பயனற்றுப் போகும். வன் இணைப்போ, ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயராலும் பதிவேட்டில் வேறொரு பெயராலும் அழைப்பதைப் போன்றது. இரண்டு பெயர்களும் சமமானவை. கடைசிப் பெயரும் அழிக்கப்படும் வரை உள்ளடக்கம் வட்டில் இருக்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் வழக்கமாகக் கிடைக்கும், பொதி கட்டும் ஸிப் கருவி, தனியாகக் கேட்டுக்கொள்ளாவிடின், குறியீட்டு இணைப்பைப் பின்தொடர்ந்து சென்று மூலக் கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் மீண்டும் ஒருமுறை பொதியில் சேர்க்கிறது. வன் இணைப்பை அது இனங்காண்பதே இல்லை. இதனால் பொதி பெருப்பது சிறிய இழப்பு. ஓர் இதழைப் பற்றிய விபரக்குறிப்பு இரண்டு கோப்புறைகளில் வன் இணைப்பாக இருந்து, பொதியிலிருந்து மீட்ட பின் இரண்டு தனிக் கோப்புகளாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் ஒன்றில் திகதியைத் திருத்துபவர், மற்றதிலும் அது திருந்தியிருக்கும் என்றே நம்புவார். எந்த எச்சரிக்கையும் தோன்றாது. முரண்பட்ட இரு குறிப்புகளில் எது சரி என்று பிற்காலத்தில் ஒருவர் தடுமாறும்போதுதான் பிழை வெளிப்படும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு வேறெங்கும் படியில்லாத ஏடுகளை இழந்த நாம், எஞ்சியவற்றின் படிகளையாவது நம்பத்தக்கவையாக வைத்திருக்க வேண்டாமா?

1979 முதல் புழக்கத்திலுள்ள டார் என்னும் பொதி கட்டும் கருவி இவ்விடயத்தில் மேலானது. வன் இணைப்புள்ள கோப்பை முதன்முறை காணும்போது உள்ளடக்கத்தைச் சேர்த்து, அடுத்த பெயருக்கு முதற்பெயரை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஆயினும் இரண்டாவது பெயரை மட்டும் பிரித்தெடுக்க முயன்றால், முதற்கோப்பு அங்கே இல்லாததால் அது பிழைச் செய்தியோடு நின்றுவிடும். உள்ளடக்கம் அதே பொதிக்குள் இருந்தும் கைக்கு வராத இந்நிலை திருத்தப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. முதற்பெயர் கேட்கப்படாதபோதும் அதன் உள்ளடக்கத்தைத் தேடி இரண்டாம் பெயரில் எழுதுவது கருவியின் கடமையாக இருக்க வேண்டும். கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுக்கும் ஆர்சிங்க் கருவியைப் பயன்படுத்துவோரும் கவனிக்க வேண்டும்: அதில் வழக்கமாக இடப்படும் ஆவணத் தெரிவு (-a) வன் இணைப்புகளைக் காப்பதில்லை, அதற்கு ஆங்கிலப் பெரிய எழுத்து எச்சைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பொதியைப் பிரிக்கும்போது பாதுகாப்பும் கெடலாம். வெளியே உள்ள கோப்புறையைச் சுட்டும் ஓர் இணைப்பை முதலில் உருவாக்கி, பின்னர் அதன் வழியாகவே ஒரு கோப்பை எழுதச் செய்யும் பொதியை எவரும் தயாரிக்க முடியும். பைத்தன் என்னும் நிரல் மொழியில் டார் பொதிகளைக் கையாளும் நிரல் தொகுப்பு அவற்றைக் கண்மூடிப் பிரிக்கிறது என்ற குறை 2007இலேயே பதிவாகியிருந்தும், ஆபத்தானவற்றை மறுக்கும் வடிகட்டிகள் 2023இல்தான் சேர்க்கப்பட்டன. 2025இல் வெளியான பைத்தன் 3.14 பதிப்பில்தான் அப்பாதுகாப்பு, கேட்காமலேயே செயற்படும் இயல்பு நிலையானது. செவன் ஸிப் என்னும் பொதிக் கருவியும் குறியீட்டு இணைப்புகள் தொடர்பான ஓட்டைகளை 2025இல் அடைக்க நேர்ந்தது. கோப்புகள் அனைத்தையும் எழுதி முடித்த பின்னரே இணைப்புகளை உருவாக்குவதும், இலக்குக் கோப்புறையைத் தாண்டும் இணைப்புகளை மறுப்பதும் ஒவ்வொரு கருவியிலும் கட்டாயமாக வேண்டும்.

பலர் பொதியை எக்ஸ்ஃபாட் என்னும் கோப்பு முறைமையில் (கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்தும் முறை) அமைந்த பென் ட்ரைவில் பிரித்துப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். அக்கோப்பு முறைமையில் இவ்விரு இணைப்புகளுக்கும் இடமே இல்லை என்பதால் அது சோதனையாகாது. லினக்ஸ் வட்டொன்றில் பிரித்து, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் நீண்ட பட்டியலில் (ls -l) இரண்டாம் நிரலில் தெரியும் இணைப்பு எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு தென்பட்டால், சில கோப்புகளை மட்டும் கொண்ட மாதிரிப் பொதியொன்றைச் செய்து, கருவியை உருவாக்கியோருக்கு அனுப்பிவைக்க வேண்டும். கொழும்பு, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களில் கணினி பயிலும் மாணவர்கள் இத்தகைய திருத்தங்களைத் தமது இறுதியாண்டு வேலைத்திட்டங்களாக எடுத்துக்கொள்ள, விரிவுரையாளர்கள் இடமளிக்குமாறும் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.