கேரட்டும் என் வலது கண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வயதானவர்களுக்கு வரும் மாகுலர் டிஜெனரேஷன், அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு நடுப்பார்வை மங்கும் நோய் பற்றி எழுதியிருந்தீர்கள். "தினம் ஒரு கேரட் சாப்பிட்டால் விழித்திரை பத்திரம்" என்று அதில் ஒரு வரி. நான் நீலகிரியில், கேத்தியில் நாற்பது வருடமாகக் கேரட் போடுகிறவன். மண்ணைத் துடைத்துவிட்டுத் தோட்டத்திலேயே கடித்துத் தின்றவன். என் வலது கண்ணில் நடுப்பார்வை போய் இரண்டு வருடமாகிறது.

கேரட் மாலைக்கண்ணுக்கு ஆகும். அது வேறு, இது வேறு என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? இந்த நோய்க்கு 2001-இல் அமெரிக்க ஆய்வில் சொன்ன மாத்திரையில், கேரட்டிலும் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்து இருந்தது. புகைபிடிப்பவர்களுக்கு அதனால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும் என்பதால் 2013-இல் அதை எடுத்துவிட்டு லூட்டின், சியாசாந்தின் என்ற வேறு இரண்டு சத்துகளைச் சேர்க்கச் சொன்னார்கள். பீடியை ஏன் விடச் சொன்னேன் என்று என் டாக்டர் விளக்கியபோது கேட்டது இது.

ஒருநாள் இடது கண்ணில் தூசி விழுந்து கசக்கினேன். எதிரே மின்கம்பம் இடுப்பொடிந்து நின்றது, பாத்தியெல்லாம் நெளிந்தது. இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாம் நேராகிவிட்டது! சரி, வயசு என்று மூன்று மாதம் விட்டேன். கண்ணாடிக் கடையிலும் அதையே சொல்லிப் புதுக் கண்ணாடி விற்றார்கள். கோவையில் ஸ்கேன் எடுத்தபோது ஈர வகை என்றார்கள். விழித்திரைக்கு அடியில் புதிதாக ரத்தக்குழாய் முளைத்துக் கசிந்து, தழும்பே ஆகிவிட்டதாம். மிச்சத்தைக் காப்பாற்ற மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி. அந்த ஊசிக்காகக் குன்னூரிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஒரு மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது, அந்த மாத ஊசி போயிற்று. மறுநாள் உங்கள் பத்திரிகையில் தலைப்பு: "சுற்றுலாப் பயணிகள் அவதி". இங்கே நாங்களும் குடியிருக்கிறோம், ஐயா.

அப்புறம், எழுத்தை வேறு சிறிதாக்கிவிட்டீர்கள். வலது கண்ணால் மட்டும் பார்த்தால் பேத்தியின் காதும் பின்னலும் தெரிகின்றன, முகம் இல்லை. அவள்தான் உங்கள் பத்திரிகையை வாசித்துக் காட்டுகிறாள், இந்தக் கடிதத்தையும் எழுதுகிறாள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நேர்க்கோடுகளால் ஆன கட்டம் ஒன்றை உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் புள்ளி வைத்து அச்சிடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படிக்கும் தூரத்தில் வைத்துப் புள்ளியைப் பார்க்க வேண்டும், பிறகு மற்றக் கண். கோடு வளைந்தாலோ மறைந்தாலோ உடனே கண் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அந்தக் கேரட் படத்துக்கு ஒதுக்கிய இடமே இதற்குத் தாராளம்.

இப்படிக்கு,
கேத்தியிலிருந்து ஒரு பழைய வாசகன்